யாரும் கேட்காத கேள்வியைத் தேடி: லண்டன், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ்

முதல் நாள், லண்டன்

கம்பெனி இயக்குநர்களுக்கான பயிற்சியைப் பற்றிப் பேச லண்டன் வந்தவன், பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக லெடன்ஹால் தெருவுக்குப் போனேன். குழாய்களையும் லிஃப்டுகளையும் வெளியே தெரியும்படி வைத்துக் கட்டிய லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் கட்டடம் அங்கேதான் இருக்கிறது. 1986-இல் திறந்தது. ஆனால் நான் போனது அதைப் பார்க்க இல்லை. அந்த மனையில் அதற்கு முன்பு நின்றது கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம். 1860-களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். ‘கோர்ட் ஆஃப் டைரக்டர்ஸ்’ என்ற பெயரில் 24 பேர் உட்கார்ந்து, தாங்கள் கண்ணால் பார்க்காத ஊர்களின் தலையெழுத்தை எழுதிய இடம்.

அந்த 24 பேரில் ஒருவராக என்ன தகுதி வேண்டும்? கம்பெனியில் 2,000 பவுண்டு பங்கு வைத்திருக்க வேண்டும். அதே கம்பெனி, தன் இளநிலை அலுவலர்களைப் பழக்குவதற்கு 1806-இல் ஒரு கல்லூரியே தொடங்கியது. பிறகு அது ஹெய்லிபரிக்குப் போனது. கணக்கு எழுதப் போகிற பையனுக்கு மொழி, சட்டம், பொருளாதாரம் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அவனுக்கு மேலே உட்கார்ந்து முடிவெடுக்கிறவருக்குப் பங்குப் பத்திரம் போதும்.

இருநூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. பிரிட்டனில் இன்றைக்கும் ஒருவர் கம்பெனி டைரக்டர் ஆக 16 வயது நிரம்பியிருந்து, சட்டப்படி தடை இல்லாமலிருந்து, அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். படிப்போ பயிற்சியோ கட்டாயமில்லை. இந்த நாட்டை மட்டும் சொல்லவில்லை. உலகத்தின் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நீண்டகாலம் கம்பெனி செக்ரட்டரியாக இருந்தேன். பிறகு இரண்டு போர்டுகளில், அதாவது இயக்குநர் குழுக்களில், சுயேச்சை இயக்குநர்: நிர்வாகத்தையோ உரிமையாளரையோ சாராமல் வெளியிலிருந்து வருகிறவர். இப்போது இயக்குநர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே வேலை. ஐந்து நாடுகளைச் சேர்ந்த பயிற்சி அமைப்புகள் கைகோத்து, பொதுவான பாடங்கள் சிலவற்றை உருவாக்க முடியுமா என்று இந்த வாரம் மூன்று ஊர்களில் உட்கார்ந்து பேசுகிறோம். அதைத்தான் தினமும் எழுதப் போகிறேன்.

மாலையில் பால் மால் தெரு வழியாக நடந்தேன். 116-ஆம் எண் கட்டடம் ஐஓடி எனப்படும் இன்ஸ்டிடியூட் ஆஃப் டைரக்டர்ஸ் நீண்டகாலம் இயங்கிய இடம். 1903-இல் தொடங்கிய அமைப்பு. 1906-இல் அரச சாசனம் பெற்றது. இயக்குநர் வேலையையும் கற்றுத் தேர்ச்சி பெறவேண்டிய தொழிலாகப் பார்த்து, ‘சார்ட்டர்ட் டைரக்டர்’ என்ற தகுதியைக் கொண்டுவந்தது 1999-இல். சங்கம் தொடங்கியதற்கும் தகுதித் தேர்வு வந்ததற்கும் நடுவே 96 ஆண்டுகள். அந்தப் படிக்கட்டின் எதிரே நின்று மனதுக்குள் கழித்துப் பார்த்தபோது கொஞ்சம் வலித்தது.

இரண்டாம் நாள், லண்டன்

காலை அமர்வில் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த நாட்டு விதிகளைச் சொன்னார்கள். மலேசியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனிக்கு முதல்முறை இயக்குநராகிறவர் நியமனமான 4 மாதத்துக்குள் கட்டாயப் பயிற்சியை முடிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஓராண்டு அவகாசம். ஹாங்காங்கில் 2025 ஜூலை முதல் புது விதி: முதல்முறை இயக்குநர் 18 மாதத்துக்குள் 24 மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும். இந்தியாவில் வேறு வழி. சுயேச்சை இயக்குநராக விரும்புகிறவர் தரவு வங்கியில் பதிந்துகொண்டு, போதிய முன்னனுபவம் இல்லாதவரென்றால் ஆன்லைன் தேர்வு எழுத வேண்டும். முதலில் 60 சதவீதம் வாங்கினால்தான் தேர்ச்சி என்றார்கள். 2020 டிசம்பரில் அதை 50 ஆக்கினார்கள்.

பட்டியல் வளர வளர எனக்குள் ஒரு அலுப்பு. மணிக்கணக்கு, மாதக்கணக்கு, மதிப்பெண். இதெல்லாம் வேண்டியதுதான், கட்டாயம் இல்லாத இடத்தில் யாரும் வகுப்புக்கு வருவதில்லை என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் 24 மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர் 25-ஆவது மணி நேரத்தில் போர்டு மேசையில் என்ன செய்கிறார் என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை.

மதியம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார். முதல் தாளில் ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட். இரண்டாவதில் அந்தக் கம்பெனி வாங்கிய கடன்களின் விவரம், எது எப்போது திருப்பிக் கட்ட வேண்டும் என்ற தேதிகளோடு. பெயர்களை மாற்றியிருந்தார். “அரை மணி நேரம். இந்தக் கணக்குக்கு ஒப்புதல் கொடுப்பீர்களா?”

நான் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனேன். கூட்டல் சரி. போன ஆண்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. தணிக்கையாளர் கையெழுத்து இருக்கிறது. இருபது நிமிடம் கழித்துத்தான் இரண்டாம் தாளின் தேதிகளை முதல் தாளோடு வைத்துப் பார்த்தேன். பெரிய கடன்கள் பல பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டியவை. பேலன்ஸ் ஷீட்டிலோ அவை நீண்டகாலக் கடன் என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருந்தன. எங்கள் அறையில் நான்கு பேர்தான் அதைப் பிடித்தோம். எல்லோரும் இதே தொழிலில் இருப்பவர்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

அந்தத் தாள்களுக்குப் பின்னால் இருந்தது ஆஸ்திரேலியாவின் சென்ட்ரோ வழக்கு. ஷாப்பிங் மால்களை வைத்திருந்த குழுமம். 2007 ஆண்டறிக்கையில் சுமார் 150 கோடி ஆஸ்திரேலிய டாலர் குறுகிய காலக் கடன் நீண்டகாலக் கடனாகக் காட்டப்பட்டது. ஆண்டு முடிந்த பிறகு கொடுத்த 175 கோடி அமெரிக்க டாலர் உத்தரவாதங்களும் அறிக்கையில் சொல்லப்படவில்லை. தணிக்கையும் கோட்டை விட்டது. அந்த டிசம்பரிலேயே கடனைப் புதுப்பிக்க முடியாமல் பங்கு விலை பாதாளத்துக்குப் போனது.

2011 ஜூனில் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பு வந்தது. இயக்குநர்கள் நேர்மையானவர்கள், அறிவாளிகள், அனுபவசாலிகள் என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனாலும் கடமை தவறினார்கள் என்றார். கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வதை நிர்வாகத்திடமோ தணிக்கையாளரிடமோ முழுக்க ஒப்படைத்துவிட முடியாது என்பதுதான் சாரம். போர்டு பேப்பர்கள் மலைபோல் இருந்தன என்ற வாதமும் எடுபடவில்லை. தனக்கு எவ்வளவு தகவல் வரவேண்டும், எப்படி வரவேண்டும் என்பது போர்டின் கையில்தான் இருக்கிறது என்றது தீர்ப்பு.

ஆஸ்திரேலியச் சட்டப்பிரிவை எனக்கு யாராவது இரண்டு மணி நேரம் விளக்கியிருந்தால் நாளைக்கே மறந்திருப்பேன். அந்த அரை மணி நேரம் மறக்காது. இயக்குநர் சங்கங்களுக்கு உலக அளவில் ஒரு வலையமைப்பு 2012 முதல் இருக்கிறது, ஜிஎன்டிஐ என்று பெயர். அனுபவங்களை மாற்றிக்கொள்ள வாசல் திறந்தே இருக்கிறது. அந்த வாசல் வழியாக எதைக் கொண்டுபோவது என்பதுதான் எனக்கு இன்று முழுக்க ஓடிய கேள்வி. சட்டம் எல்லை தாண்டாது. அந்த இரண்டு தாள் தாண்டும்.

மூன்றாம் நாள், ரயிலில்

செயின்ட் பான்கிராஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு இரண்டு மணி நேரம். கடலுக்கடியில் போகும்போது ஜன்னலில் நம் முகம்தான் தெரியும்.

பக்கத்து இருக்கையில் மலேசியாவிலிருந்து வந்த பயிற்சியாளர். தமிழ்ப் பெண். முதல் நாளே “அண்ணே” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். 1992 டிசம்பரில் வந்த கேட்பரி அறிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தது. போர்டு நிர்வாகத்துக்கான நவீன விதித்தொகுப்புகளுக்கெல்லாம் மூத்தது அது. ‘கடைப்பிடி, இல்லையென்றால் ஏன் இல்லை என்று விளக்கு’ என்ற முறை அங்கிருந்துதான் பரவியது. எல்லா இயக்குநர்களும், முக்கியமாகப் போர்டு அனுபவம் இல்லாதவர்கள், ஏதாவதொரு பயிற்சி எடுப்பது மிகவும் விரும்பத்தக்கது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ‘விரும்பத்தக்கது’ என்ற அந்தச் சொல்லில் எத்தனை நாடுகள் எத்தனை ஆண்டுகள் ஒளிந்துகொண்டன!

திடீரென்று அவர் கேட்டார்: “அண்ணே, நேத்து அந்தத் தாளைப் பார்க்கும்போது உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க போர்டுல அப்படி ஏதாச்சும் நடந்திருக்கா?”

நடந்திருக்கிறது. பல ஆண்டுக்கு முன். பெயர் வேண்டாம். நான் உட்கார்ந்திருந்த ஒரு போர்டில், கணக்குகளோடு வந்த குறிப்புகளில் ஒன்று, துணை நிறுவனம் ஒன்றின் கடனுக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதத்தைப் பற்றியது. மூன்று வரி. முந்தின இரவு படித்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தேன். மறுநாள் அந்த அஜெண்டா வரும்போது நேரமாகிவிட்டது. சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பதினான்கு மாதம் கழித்து அந்த உத்தரவாதத்தை வங்கி கேட்டு வந்தது. கம்பெனி பிழைத்தது. ஆனால் ஒரு தொழிற்பிரிவை மூட வேண்டியதாயிற்று, அங்கே வேலை செய்தவர்கள் வெளியே போனார்கள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. படிக்காமலும் இல்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இதை எழுதிக் கொடுங்கண்ணே. பாடமா வைப்போம்” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

நான்காம் நாள், பிரஸ்ஸல்ஸ்

இங்கே ஐரோப்பிய இயக்குநர் சங்கங்களின் கூட்டமைப்பான ‘எகோடா’ 2004-இலிருந்து இயங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு விதி வந்தால் இருபத்தேழு நாட்டுப் போர்டுகளுக்கும் அது போய்ச் சேரும். பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகளில், நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்களில் குறைவாக இருக்கும் பாலினத்தவருக்கு 40 சதவீதம், அல்லது எல்லா இயக்குநர்களையும் சேர்த்து 33 சதவீதம் இடம் என்ற இலக்கை 2026 ஜூன் முடிவுக்குள் எட்ட வேண்டும் என்று 2022-இல் விதித்தது ஒரு உதாரணம்.

எங்கள் வேலை அதைவிட எளிமையானது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தோம். பொதுப் பாடத்துக்கு முன் பொதுச் சொற்பட்டியல். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று போட்டிருந்தது. மாலை வரை இழுத்தது. அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன்.

முதல் சொல்லிலேயே முட்டிக்கொண்டோம்: டைரக்டர். ஜெர்மன் பங்கு நிறுவனத்தில் போர்டு ஒன்று இல்லை, இரண்டு. நடத்துகிறவர்கள் ‘ஃபோர்ஷ்டாண்ட்’. அவர்களைக் கவனிக்கிறவர்கள் ‘ஆஃப்ஸிஷ்ட்ஸ்ராட்’. ஒருவரே இரண்டிலும் ஒரே சமயத்தில் உட்கார முடியாது. 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி என்றால், 1976 சட்டப்படி இந்த இரண்டாவது குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. ஒரே போர்டில் எம்.டி.யும் சுயேச்சை இயக்குநரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் முறைக்குப் பழகிய நமக்கு இது வேறு உலகம். அங்கே தொழிற்சங்கத்திலிருந்து வருகிறவரும் பயிற்சிக்கு வருவார். அவருக்கு எங்கள் பாடம் பொருந்துமா?

ஜெர்மனி பற்றி விளக்கியவர் அந்தச் சொல்லைப் பலகையில் பிரித்து எழுதினார். ‘ஆஃப்’ என்றால் மேல். ‘ஸிஷ்ட்’ என்றால் பார்வை. நானும் என் மலேசியத் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேல், பார்வை. மேற்பார்வை! அச்சு அசலாக நம் சொல்.

ஆனால் நாம் போர்டு உறுப்பினரை எப்படிக் கூப்பிடுகிறோம்? இயக்குநர் என்கிறோம். இயக்குகிறவர். அன்றாட வேலையை இயக்குவது நிர்வாகத்தின் பொறுப்பு. வெளியிலிருந்து வரும் இயக்குநர் அதில் கைவைக்கக் கூடாது, கண் வைக்க வேண்டும் என்றுதான் வகுப்பில் முதல் நாளே சொல்கிறோம். நம் சொல்லோ அவரைக் கைவைக்கச் சொல்கிறது. தமிழில் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் ஒரு குழப்பம் வருவதன் காரணம் இன்றுதான் எனக்குப் பிடிபட்டது. இனி முதல் வகுப்பை ‘மேற்பார்வை’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குவேன். அது மேலோட்டமான பார்வையாக நழுவிப்போவது எவ்வளவு சுலபம் என்பதையும் சேர்த்து. ஆங்கிலத்திலும் இதே ஆபத்து உண்டு, ‘ஓவர்சைட்’ என்றால் கண்காணிப்பு, கவனக்குறைவால் விட்டுப்போனதற்கும் அதே சொல்.

அடுத்து ‘சுயேச்சை’. எத்தனை ஆண்டு ஒரே போர்டில் இருந்தால் ஒருவர் சுயேச்சையானவர் இல்லை? பிரிட்டன் விதித்தொகுப்பில் 9 ஆண்டு தாண்டினால் சந்தேகம் வரும். இந்தியாவில் ஐந்தைந்தாக இரண்டு தவணை, பிறகு 3 ஆண்டு இடைவெளி. மலேசியாவிலும் பிரான்சிலும் 12. இதைச் சமப்படுத்த நாங்கள் முயலவில்லை. எந்த எண் சரி என்பதைவிட, எத்தனையாவது ஆண்டில் ஒரு மனிதர் சேர்மனின் முகம் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார் என்பதுதான் பாடம். எனக்கு அது நான்காவது ஆண்டிலேயே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள், பாரிஸ்

ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான ரயில் பயணம். ஒன்பதாம் எண் மெட்ரோவில் ‘லா முவெத்’ நிலையத்தில் இறங்கினால் ஓஇசிடியின், அதாவது பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின், தலைமையகம் நடக்கும் தூரம். ஹென்றி த ரோத்ஷில்ட் கட்டிய மாளிகை. அது இருக்கும் தெருவுக்கு ஆந்த்ரே பாஸ்கால் என்று பெயர். ரோத்ஷில்ட் நாடகம் எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயராம் அது. இந்தத் தகவலைப் படித்தபோது ஏனோ பிடித்துப் போயிற்று.

1997–98 ஆசிய நெருக்கடிக்குப் பிறகு, 1999-இல் கார்ப்பரேட் ஆளுகைக்கான கொள்கைகளை ஓஇசிடி வெளியிட்டது. 2001-இல் அமெரிக்காவின் என்ரான் கம்பெனி விழுந்தது, 2004-இல் திருத்தினார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு 2015-இல் ஜி20-யோடு சேர்ந்து மறுபடியும். கடைசியாக 2023. அந்த ஆண்டு புதுடெல்லி உச்சி மாநாட்டில் ஜி20 தலைவர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். ஒவ்வொரு பதிப்புக்கு முன்னாலும் ஏதோ ஒன்று உடைந்திருப்பதைக் கவனியுங்கள். போர்டு தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளவும் பயிற்சி எடுக்கவும் வேண்டும் என்பதையும் அந்தக் கொள்கைகள் ஊக்குவிக்கின்றன. 1999-இலேயே உலக வங்கியும் ஓஇசிடியும் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கி, வளரும் நாடுகளில் இயக்குநர் பயிற்சி நிலையங்கள் உருவாக உதவின. இன்று இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் எங்களில் சிலர் அந்த உதவியின் பேரப்பிள்ளைகள்.

எங்கள் கூட்டம் அங்கிருந்து சற்றுத் தள்ளி, வாடகைக்கு எடுத்த ஒரு அறையில். விவாதம் சூடாக இருந்தது. ஒரு தரப்பு, சான்றிதழ்களைப் பரஸ்பரம் அங்கீகரிப்போம், ஒரு நாட்டில் தேறியவர் இன்னொரு நாட்டில் மறுபடி எழுத வேண்டாம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சட்டப் பகுதியை அவர் எப்படியும் புதிதாகப் படித்தே ஆக வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் இருந்தது, எழுந்து சொன்னேன்.

இந்தியாவின் மென்பொருள் கம்பெனியான சத்யத்தின் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் புகழ்பெற்ற மேலாண்மைப் பேராசிரியர் வரை அதில் இருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்தின் இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க அந்தப் போர்டு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொந்தளித்த பிறகுதான் பின்வாங்கினார்கள். 2009 ஜனவரி 7-இல் நிறுவனர் எழுதிய கடிதத்தில் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று வந்தது. அந்த அறையில் பட்டத்துக்குக் குறைவிருந்ததா?

அமெரிக்காவின் புளூ பெல் ஐஸ்கிரீம் வழக்கு இன்னொன்று. 2015-இல் லிஸ்டீரியா கிருமியால் மூன்று பேர் இறந்தார்கள். கம்பெனி விற்றது ஐஸ்கிரீம். உணவுப் பாதுகாப்பைக் கவனிக்க போர்டில் ஒரு குழுகூட இல்லை. அதைப் பேசியதற்கான தடம் கூட்டக் குறிப்பான மினிட்ஸில் இல்லை. அபாய அறிகுறிகள் நிர்வாகத்துக்கு வந்திருந்தன, போர்டு வரை ஏறவில்லை. 2019-இல் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம், போர்டுக்கு எதிரான அந்த வழக்கு நடக்கட்டும் என்றது. கம்பெனியின் உயிர்நாடியான ஒரு ஆபத்தைக் கவனிக்க போர்டு ஒரு ஏற்பாடாவது செய்ய முயன்றிருக்க வேண்டும் என்றது.

“நீங்கள் சொல்லும் இரண்டுமே அடுத்தவர் கதை” என்றார் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர். கோபமாக இல்லை. “நான் என் நாட்டுத் தோல்வியைக் கொண்டுவந்து உங்கள் முன் வைத்தேன்.”

அறை அமைதியானது. மலேசியத் தங்கை என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

மாலைக்குள் முடிவானது இதுதான். சான்றிதழ் விஷயம் தள்ளிவைக்கப்பட்டது. முதல் வேலை ஒரு பொதுப் பாட வங்கி. ஒவ்வொரு அமைப்பும் தன் மண்ணில் நடந்த, முடிந்தால் தன் உறுப்பினர்களே உட்கார்ந்திருந்த போர்டின் தோல்வி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பெயர்களை மறைக்கலாம், எண்களையும் தேதிகளையும் மழுப்பக் கூடாது. தீர்ப்பையோ விளக்கத்தையோ முதலில் தரக்கூடாது. அன்று அந்த இயக்குநர்களின் கையில் இருந்த தாள் மட்டும். படிக்கிறவர் தாமே கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததைக் குரல் எழுப்பிச் சொல்லவும் வேண்டும். பயிற்சியாளர் சேர்மனாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். இந்தக் கடைசி ஏற்பாடு என் யோசனை. யாரும் எதிர்க்கவில்லை.

மொழிபெயர்ப்புக்கு ஒரு தனிக் குழு. தமிழ் வடிவத்தை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம்.

ஆறாம் நாள், விமான நிலையம்

விமானம் மூன்று மணி நேரம் தாமதம்.

மடிக்கணினியைத் திறந்து என் பாடத்தை எழுத ஆரம்பித்தேன். அந்தக் குறிப்பின் மூன்று வரியும் இன்னும் மனப்பாடம். எண்களை மட்டும் வீட்டுக் கோப்பிலிருந்து சரிபார்க்க வேண்டும். அன்றைய அஜெண்டாவை வரிசையாக எழுதினேன். அந்த விஷயம் ஒன்பதாவது. எட்டாவது விஷயம், புது அலுவலகத்தின் உள் அலங்காரம், நாற்பது நிமிடம் எடுத்தது. ஒன்பதாவதுக்கு மினிட்ஸில் ஒரே வரி: ‘கணக்குகள் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டன.’

மலேசியத் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணே, எழுதிட்டீங்களா?”

பாதி எழுதியதை அப்படியே அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. “ரெண்டாவது பக்கத்துல நீங்க போட்ட பென்சில் கேள்விக்குறியைக் காணோமே? அதை எடுத்துட்டா படிக்கிறவங்களுக்கு நீங்க கவனிக்கலன்னுதான் தோணும்.”

அவர் சொன்னது சரி. அதைத்தான் மறைக்கப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில், மூன்றாவது வரிக்கு நேராக, அந்தக் கேள்விக்குறியை வைத்தேன். அறிவிப்பு வந்துவிட்டது, மீதியை விமானத்தில் எழுத வேண்டும்.